வணிகக் கட்டிடங்களின் கூரைத் தடுப்புப் பராமரிப்பு

வணிகக் கட்டிடங்களின் கூரைத் தடுப்புப் பராமரிப்பு என்பது கடைகள், தங்கும் விடுதிகள், உணவகங்கள், திருமண மண்டபங்கள், கிடங்குகள், அலுவலகங்கள் போன்ற கட்டிடங்களின் கூரைகள் பழுதடைவதற்கு முன்னரே, அவற்றைக் குறித்த கால இடைவெளிகளில் ஆய்ந்து, துப்புரவு செய்து, சிறு குறைகளைச் சரிசெய்து வருதல் ஆகும். ஒழுக்கு ஏற்பட்ட பின்னர் செய்யப்படும் பழுதுபார்ப்பிலிருந்து இது வேறுபட்டது. கூரையினுள் நீர் நுழையாமல் தடுப்பதும், கூரை தாங்கவேண்டிய சுமை அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்வதும் இதன் இரண்டு முதன்மையான நோக்கங்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வணிகக் கட்டிடங்கள் மொட்டை மாடி எனப்படும் தட்டைக் கூரை உடையவை. இவ்வகைக் கூரையில் விழும் நீர் தானாக வழிந்து ஓடிவிடுவதில்லை. சிறிய சரிவையும் சில தூம்புகளையும் நம்பியே அது வெளியேறுகின்றது. இதனால் தட்டைக் கூரைகளுக்குப் பராமரிப்பு இன்றியமையாதது. இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை, குறிப்பாகத் திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

கூரை வகைகள்

தமிழ்நாட்டின் வணிகக் கட்டிடங்களில் காணப்படும் கூரைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

மதராஸ் மாடிக் கூரை: தேக்கு மரத் துலாக்களின் மேல், மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு, மேற்பரப்பில் தட்டோடு பதித்து அமைக்கப்படுவது. காரையை மரக் கட்டைகளால் பல நாட்கள் அடித்து இறுக்குவதும், அப்போது கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைத் தெளிப்பதும் வழக்கம். பழைய கடைத்தெருக்களில் இவ்வகைக் கூரைகள் இன்றும் உள்ளன.

வலுவூட்டிய காங்கிறீட்டுக் கூரை: இரும்புக் கம்பிகள் பொதிந்த காங்கிறீட்டுத் தளம். இதன்மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் காரையும் அதன்மேல் அழுத்தத் தட்டோடும் பதிப்பது தமிழ்நாட்டு வழக்கம். கட்டிடத் தொழிலாளர்கள் இதனை வெதரிங் கோர்ஸ் என்பர். தட்டோடுகளுக்கு இடையேயான இணைப்புகள் நீர்புகாக் கலவை சேர்த்த சிமெண்டுச் சாந்தினால் அடைக்கப்படுகின்றன.

தகட்டுக் கூரை: துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, கல்நார் சிமெண்டுத் தகடு போன்றவற்றை இரும்புச் சட்டகங்களின் மீது கொக்கி ஆணிகளால் பொருத்தி அமைப்பது. கிடங்குகள், பட்டறைகள், மாடி உணவகங்கள் ஆகியவற்றில் காணப்படுகின்றது.

ஓலைக் கூரை: தென்னங்கீற்று, பனையோலை ஆகியவற்றால் ஆனது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றின் ஓலைக் கூரை தீப்பற்றியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். இதன் பின்னர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் நீக்கப்பட்டன. எனினும், மாடியின் மேல் ஓலைப் பந்தல் போட்டு நடத்தப்படும் உணவகங்கள் இன்றும் ஆங்காங்கே உள்ளன.

கூரை பழுதடையும் விதம்

கூரை பெரும்பாலும் ஒரே நாளில் பழுதடைவதில்லை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும் பல படிநிலைகளைக் கடந்தே பழுது முற்றுகின்றது.

வெப்பம்: காங்கிறீட்டு, ஒரு பாகை செல்சியசு வெப்பநிலை உயர்வுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு விரிவடையும். 20 மீட்டர் நீளமுள்ள கூரையின் வெப்பநிலை 30 பாகை மாறினால் அதன் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மாறும். கோடைப் பகலில் விரிந்து இரவில் சுருங்கும் இச்செயல் நாள்தோறும் நடைபெறுவதால், தட்டோட்டு இணைப்புகளிலும், தளமும் கைப்பிடிச் சுவரும் சந்திக்கும் மூலைகளிலும் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன.

நீர்: மழைக்காலத்தில் இவ்வெடிப்புகளின் வழியே நீர் உள்ளே இறங்குகின்றது. தூம்பு அடைபட்டுத் தேங்கி நிற்கும் நீர், ஓடும் நீரைவிடக் கூடுதலாகவும் தொடர்ச்சியாகவும் உட்புகும்.

துரு: நல்ல காங்கிறீட்டு வலுவான காரத்தன்மை உடையது. இக்காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கின்றது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து காரத்தன்மையைக் குறைத்த பிறகு, நீரும் உயிர்வளியும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, தான் உருவாகப் பயன்பட்ட இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் கொண்டது. அது உள்ளிருந்து நெருக்குவதால் காங்கிறீட்டு வெடித்துப் பெயர்ந்து விழுகின்றது. விடுதி அறைகளின் உட்கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிவது இந்த நிலையாகும்.

மரம் இற்றுப்போதல்: மதராஸ் மாடிக் கூரையில் துலாக்களின் முனைகள் சுவரினுள் புதைந்திருக்கும். கூரையிலிருந்து சுவர் வழியாக இறங்கும் ஓதம் இம்முனைகளை உளுத்துப்போகச் செய்யும். சுவருக்குள் நிகழ்வதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

செடிகள்: பறவைகளின் எச்சத்தின் வழியே வந்து சேரும் அரச மரம், ஆல மரம் ஆகியவற்றின் விதைகள் வெடிப்புகளில் முளைக்கின்றன. மேலே தெரியும் செடியை மட்டும் வெட்டுவதால் பயனில்லை. வேர் உள்ளே தொடர்ந்து பருத்து வெடிப்பை அகலப்படுத்தும்.

தேங்கும் நீரின் சுமை

ஒழுக்கைவிடக் கூடுதலான கவனத்துக்கு உரியது தேங்கும் நீரின் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீரின் எடை 10 கிலோகிராம். 10 சென்டிமீட்டர் நின்றால் 100 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 1 கிலோநியூட்டன். 100 சதுர மீட்டர் கூரை முழுவதும் இவ்வாறு நீர் நின்றால் அதன் எடை 10 டன் ஆகும்.

கட்டிடங்கள் தாங்கவேண்டிய சுமைகளைக் கூறும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இன் இரண்டாம் பகுதி, மக்கள் ஏறிச்செல்லும் வசதியுள்ள தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்றும், அவ்வசதி இல்லாத கூரைக்கு 0.75 கிலோநியூட்டன் என்றும் மாறும் சுமையை வரையறுக்கின்றது. எனவே பின்னைய வகைக் கூரையில் 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே வடிவமைப்பில் கருதப்பட்ட சுமை கடந்துவிடுகின்றது. கைப்பிடிச் சுவர் சூழ்ந்த மாடியில் எல்லாத் தூம்புகளும் அடைபட்டால், அம்மாடி ஒரு நீர்த்தொட்டியாக மாறிவிடும். இதற்காகவே, தூம்புகளுக்குச் சற்று மேலே, சுவரில் வழிவாய் ஒன்றை விட்டுக் கட்டுவது நல்ல பழக்கமாகக் கருதப்படுகின்றது. தூம்பு அடைபட்டாலும் நீர் இதன் வழியே வெளியேறும். நீர் கீழே விழுவது கண்ணுக்குத் தெரிவதால், அடைப்பை அறிவிக்கும் எச்சரிக்கையாகவும் இது பயன்படும்.

பராமரிப்பு முறைகள்

துப்புரவு: தூம்பின் வாயில் கம்பிவலைக் கூடை பொருத்தி, சேரும் இலை, நெகிழிப் பை, மண் ஆகியவற்றை அகற்றுதல். வடிகுழாயின் உச்சியிலிருந்து ஒரு குடம் நீர் ஊற்றி, கீழே தடையின்றி வருகின்றதா எனப் பார்த்தல் எளிய சோதனையாகும்.

சரிவைச் சரிபார்த்தல்: தட்டோடு பதித்த கூரையில் பொதுவாகப் 10 அடிக்கு 2 அங்குலம் என்ற அளவில் தூம்பை நோக்கிச் சரிவு அமைக்கப்படுகின்றது. மழை நின்ற மறுநாளும் நீர் நிற்கும் பள்ளங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு வைத்துக்கொண்டால், கோடையில் அவ்விடங்களை மட்டும் சீர்செய்யலாம்.

இணைப்புகள்: தட்டோட்டு இணைப்புகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்து மீண்டும் அடைத்தல். தளமும் சுவரும் சந்திக்கும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைவாகப் பூசுதல். குழாய்கள் கூரையைத் துளைத்துச் செல்லும் இடங்களை ஆண்டுதோறும் பார்த்தல். ஒழுக்குகள் பெரும்பாலும் கூரையின் நடுவிலன்றி இத்தகைய இணைப்புகளிலேயே தொடங்குகின்றன.

நீர் தேக்கிச் சோதித்தல்: தூம்புகளைத் தற்காலிகமாக அடைத்து, சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி, ஏறத்தாழ 48 மணி நேரம் வைத்துக் கீழ்ப்புறத்தைக் கவனித்தல். புதிய காங்கிறீட்டுக் கூரைகளுக்கு இது ஏற்றது. துலாக்கள் இற்றுப்போயிருக்கலாம் என ஐயமுள்ள பழைய மாடிகளில் இதனைச் செய்தல் ஆபத்தானது.

தட்டி ஒலி கேட்டல்: உட்கூரையைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது வெற்றொலி வரும் இடங்களில் காங்கிறீட்டு உள்ளே பிரிந்துள்ளது என அறியலாம். அவ்விடங்களில் பூச்சு மட்டும் பூசி மறைத்தல் தவறு. தளர்ந்த காங்கிறீட்டை அகற்றி, கம்பியின் துருவை நீக்கி, இழந்த கம்பிக்கு ஈடு செய்த பின்னரே மூட வேண்டும்.

வெண்பூச்சு: மேற்பரப்பில் சுண்ணாம்பு அல்லது வெயிலை எதிரொளிக்கும் வண்ணம் பூசினால் கூரை சூடேறுவது குறையும். அறைகள் குளிர்ச்சியடைவதுடன், விரிந்து சுருங்கும் அளவும் குறைவதால் வெடிப்புகளும் குறைகின்றன.

தகட்டுக் கூரைகள்: கொக்கி ஆணிகளையும் அவற்றின் அடி வளையங்களையும் புயல் காலத்துக்கு முன் இறுக்குதல். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலும், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலும், சரியாகப் பொருத்தப்படாத தகடுகள் காற்றில் பறந்து பிறருக்கும் ஊறு விளைவிக்கும் என்பதைக் காட்டின.

பருவ அட்டவணை

தமிழ்நாட்டின் உட்பகுதி ஊர்கள் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகின்றன. இதற்கேற்பப் பின்வரும் அட்டவணை பொருத்தமானது.

சனவரி: மழைக்காலத்துக்குப் பிந்தைய ஆய்வு. ஓதம் படிந்த இடங்கள் காய்ந்து மறைவதற்கு முன்னரே படம் பிடித்துப் பதிவு செய்தல்.
மார்ச் முதல் மே வரை: வெடிப்பு அடைத்தல், நீர்புகாப் பூச்சு, தட்டோடு மாற்றுதல். தளம் நன்கு காய்ந்திருக்கும் காலம் இதுவே.
சூன் தொடக்கம்: தூம்புகளைத் துப்புரவு செய்தல்.
ஆகத்து, செப்டம்பர்: ஆண்டின் முதன்மை ஆய்வு. வடகிழக்குப் பருவமழைக்குமுன் எல்லாப் பணிகளையும் முடித்தல்.
அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வாரம் ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னரும் தூம்புகளைப் பார்த்தல்.

ரமணாசிரமம் பகுதி

ரமணாசிரமம் திருவண்ணாமலை நகரின் தென்மேற்கே, செங்கம் சாலையில், அண்ணாமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. 1922 ஆம் ஆண்டில் ரமண மகரிசியின் தாயார் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைச் சுற்றி இது வளர்ந்தது. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் தங்கும் விடுதிகள், உணவகங்கள், புத்தகக் கடைகள், துணிக் கடைகள் ஆகியன நிறைந்துள்ளன. இவற்றுட் பல, வீடுகளாக இருந்து பின்னர் மாடி எழுப்பி விடுதிகளாக மாற்றப்பட்டவை.

இப்பகுதியின் கூரைகளுக்குச் சில தனித்த நெருக்கடிகள் உண்டு. முதலாவது, காலம். கார்த்திகைத் தீபத் திருவிழா வடகிழக்குப் பருவமழையின் நடுவே, நவம்பர் அல்லது டிசம்பரில் வருகின்றது. விடுதிகள் முற்றிலும் நிரம்பியிருக்கும் நாட்களும் கூரை நனைந்து கனத்திருக்கும் நாட்களும் ஒன்றே. அவ்வேளையில் ஒழுகும் அறையைக் காலி செய்து பழுதுபார்க்க எவராலும் இயலாது. எனவே புரட்டாசி மாதத்துக்குள் பணிகளை முடித்தல் இங்கு கட்டாயமாகின்றது.

இரண்டாவது, மக்கள் சுமை. மலை உச்சியில் ஏற்றப்படும் மகா தீபத்தைக் காண மக்கள் மாடிகளில் கூடுவர். ஐஎஸ் 875 நிலையான இருக்கைகள் இல்லாத கூட்ட அரங்குகளுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் சுமையைப் பரிந்துரைக்கின்றது. சாதாரண மாடிக்கு உரியது 1.5 மட்டுமே. ஆகவே நன்னிலையிலுள்ள மாடியிலும் நெருக்கமாகக் கூட்டத்தை ஏற்றுதல் தகாது. கம்பி துருப்பிடித்த கூரையிலோ பழைய மதராஸ் மாடியிலோ கூட்டத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பலர் சாய்ந்து நிற்கும் கைப்பிடிச் சுவரின் உறுதியையும் முன்னரே ஆய்தல் வேண்டும்.

மூன்றாவது, மரங்களும் விலங்குகளும். அடிவாரத்து மரங்களின் சருகுகள் தூம்புகளை விரைவில் அடைக்கின்றன. இப்பகுதியில் மிகுதியாக உள்ள குரங்குகள் நீர்த்தொட்டி மூடிகளையும் குழாய்களையும் அசைத்து இணைப்புகளைத் தளர்த்திவிடுவதுண்டு. இவ்வாறு கசியும் தொட்டி நீர் கோடையிலும் கூரையை நனைத்துக்கொண்டிருக்கும். 1000 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பும்போது ஒரு டன் எடையுள்ளது. அதனைத் தளத்தின் நடுவில் வைக்காமல், தூண்களின் மேலோ உத்திரங்களின் மேலோ அமைத்தல் வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது, கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள உள் மாவட்டங்களிலும் மிகக் கடும் மழை பெய்தது. செங்கத்துக்கு மேற்கேயுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இது கூரை விபத்து அன்று. எனினும், அடைபட்ட ஒரு தூம்பு எத்தகைய மழையை எதிர்கொள்ள நேரிடும் என்பதை அம்மழையளவு உணர்த்துகின்றது.

மரபுவழிப் பராமரிப்பு

கால இடைவெளி குறித்துப் பராமரிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதியது அன்று. கோயில்களில் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தப்படுகின்றது. அதற்குமுன் நடைபெறும் திருப்பணியில், கோபுரங்களிலும் விமானங்களிலும் முளைத்த செடிகளை வேருடன் அகற்றுதல், சுதை வேலைகளைச் சீர்செய்தல், மேல்தளத்துத் தட்டோடுகளை மாற்றி ஒழுக்கு அடைத்தல் ஆகியன இடம்பெறும். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் 2017 பெப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. பழுது தெரிந்த பின்னர் அல்லாமல், காலம் வந்தவுடன் ஆய்வு செய்தல் என்ற தடுப்புப் பராமரிப்பின் அடிப்படை இதில் காணப்படுகின்றது.

புறக்கணிப்பின் விளைவுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எலியட் லேக் என்னும் ஊரில் 1980 இல் திறக்கப்பட்ட அல்கோ வணிக வளாகம் இதற்குப் பலரும் சுட்டும் எடுத்துக்காட்டு. இதன் கூரை வாகன நிறுத்துமிடமாகப் பயன்பட்டது. தொடக்க காலத்திலிருந்தே கூரை ஒழுகியது. கடைக்காரர்கள் வாளிகளை வைத்து நீரைப் பிடித்தனர். உரிமையாளர்கள் மாறினரே ஒழிய ஒழுக்கு முழுமையாகச் சரிசெய்யப்படவில்லை. நீரும், பனியை உருக்கத் தூவப்படும் உப்பும் உட்புகுந்து இரும்பு உத்திரத்தின் பற்றவைப்பு ஒன்றை அரித்தன. 2012 ஜூன் 23 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் இரு பெண்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டில் நடைபெற்ற ஆய்வொன்று கட்டிடம் உறுதியாக உள்ளது என்றே கூறியிருந்தது. பொது விசாரணையின் அறிக்கை 2014 இல் வெளியிடப்பட்டது.

பொருள் நோக்கில், டி சிட்டர் என்பவர் 1984 இல் முன்வைத்த ஐந்தின் விதி குறிப்பிடத்தக்கது. கட்டும்போது சரியாகச் செய்ய ஒரு ரூபாய் தேவைப்படுமாயின், துருத் தொடங்குமுன் தடுக்க 5 ரூபாயும், ஆங்காங்கே பழுது தோன்றியபின் 25 ரூபாயும், பழுது பரவியபின் 125 ரூபாயும் தேவைப்படும் என்பது இதன் கருத்து. இது துல்லியமான கணக்கு அன்று, தோராயமான வழிகாட்டியே.

பொறுப்பு

வணிகக் கட்டிடங்கள் பெரும்பாலும் வாடகைக்கு விடப்படுவதால், கூரையைப் பேணுவது யார் பொறுப்பு என்ற வினா எழுகின்றது. மேல்தளத்து வாடகைதாரர் ஒழுக்கால் பாதிக்கப்படுவார். கீழ்த்தளத்துக் கடைக்காரருக்கு அது தெரிவதே இல்லை. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108 ஆம் பிரிவின்படி, உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்தில் செய்யாவிடில், வாடகைதாரர் தாமே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2017 இல் இயற்றப்பட்டு 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பிலும், வடிகால் துப்புரவு போன்றவற்றை வாடகைதாரரின் பொறுப்பிலும் வைக்கின்றது. ஒப்பந்தத்திலேயே தூம்புத் துப்புரவு யாருடைய பணி என எழுதிக்கொள்வது சிக்கலைத் தவிர்க்கும்.

பதிவேடு ஒன்றைப் பேணுதலும் பயனுடையது. ஆய்வு நாள், கண்ட குறைகள், செய்த பணி, பயன்படுத்திய பொருள், புகைப்படம் ஆகியவை அதில் இருக்கலாம். உரிமையாளரோ மேலாளரோ மாறினாலும் கூரையின் வரலாறு மறையாது.

மழைநீர் சேகரிப்புடன் தொடர்பு

2003 இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரையே நீர்பிடி பரப்பு என்பதால், கூரைத் துப்புரவும் நீரின் தூய்மையும் பிரிக்க முடியாதவை. 100 சதுர மீட்டர் கூரையில் பெய்யும் 1 சென்டிமீட்டர் மழை 1000 லிட்டர் நீராகும். தேங்கினால் சுமையாகும் இந்நீர், வடிந்தால் வளமாகின்றது. கூரையில் நாட்கணக்கில் தேங்கும் நீர் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசுக்கள் பெருகவும் இடமளிக்கும்.

பணியாளர் பாதுகாப்பு

கல்நார் சிமெண்டுத் தகடுகள் ஆள் எடையைத் தாங்காமல் உடையக்கூடியவை. அவற்றின்மேல் நேரடியாக நடக்காமல், சட்டகங்களின் குறுக்கே பலகையிட்டு நடத்தல் வேண்டும். இவற்றை அறுப்பதும் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடான இழைகளைக் காற்றில் கலக்கும். கைப்பிடிச் சுவரற்ற விளிம்புகளில் பாதுகாப்புக் கயிறு அணிதலும், அருகில் செல்லும் மின்கம்பிகளைக் கவனித்தலும், மழை அல்லது இடியின்போது மாடியில் பணி செய்யாதிருத்தலும் இன்றியமையாதன.

இவற்றையும் பார்க்க

கூரை
மதராஸ் மாடிக் கூரை
வலுவூட்டிய காங்கிறீட்டு
மழைநீர் சேகரிப்பு
திருவண்ணாமலை